ஸ்ரனிஸ்லாஸ் செத்த குசினி

ஸ்ரனிஸ்லாஸ் செத்துக் கிடந்ததைக் குண்டசாலை ஊர் முழுக்கப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை, சனம் சாப்பாட்டுக் கோப்பையோடு டீவிக்கு முன்னால் குந்தும் நேரம். விளம்பரம் முடிந்த கையோடு திரை நிறைய அவருடைய முகம். வாயோரம் நுரை. கண் பாதி திறந்து மேலே செருகியிருந்தது. பக்கத்தில் சோறு சிந்தியபடி ஒரு கோப்பை கவிழ்ந்து கிடந்தது. பின்னால் தெரிந்த பச்சைச் சுவர், அரிசி டின், மூலையில் நின்ற அம்மி எல்லாம் அவர் மனைவி கத்தரீனாவுடையவை.

செத்தவர் கதிரையில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு அவித்த கடலை தின்றபடி தன் பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, மூச்சே விடல. டிரெக்டர் மாத்தயா கையத் தட்டுனாரு தெரியுமா?"

"நீங்க மூச்சு விடாமக் கெடந்ததுக்கு இனி நாந்தான் மூச்சு முட்டிச் சாகணும்" என்றாள் கத்தரீனா. "ஊரு உலகத்துல ஒரு மனுசன் தன் வீட்டுக் குசினியிலயே போயிப் பொணமா படுப்பானா?"

"நடிப்புடி."

"நடிப்பு. நாளைக்கி விடிஞ்சா அங்க சோறாக்கப் போறது நானு."

மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடத்துக்கு முன்னால், ஒரு பெண் புருசனுக்குச் சோற்றில் பூச்சிமருந்து கலந்து கொடுத்தாளென்று வழக்கு நடந்தது. பத்திரிகையில் வந்த வழக்கு. அதைத்தான் உண்மைச் சம்பவம் என்று பெயர் போட்டுச் சிங்களத்தில் நாடகமாக எடுத்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டுக் குசினிக்குள் கமராவை வைத்தால் ஆள் நிற்க இடமில்லையென்று அவர்கள் வீடு தேடித் திரிந்தபோது, பஸ் டிப்போவில் நேரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பார்க்க நேரம் தவிர வேறெதுவும் இல்லாமலிருந்த ஸ்ரனிஸ்லாஸ் தேத்தண்ணிக் கடையில் அவர்களிடம் அகப்பட்டார். அல்லது அவர்கள் அவரிடம் அகப்பட்டார்கள். பிணமாகப் படுக்க வேண்டியவனுக்கு அன்று காய்ச்சல். "நான் படுக்குறேன்" என்று சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு இவர் படுத்துவிட்டார்.

கத்தரீனா பல்லேகலவில் தையல் பெக்டரிகளுக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குச் சோத்துப் பார்சல் கட்டுகிறவள். அந்த வருமானத்தில்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். கோழி கூவுமுன் எழும்பினால், ஒரு அடுப்பில் நாட்டரிசிச் சோறு, ஒன்றில் பருப்பு, வெளித் தாழ்வாரத்து விறகடுப்பில் கருவாட்டுக் குழம்போ பிஞ்சுப் பலாக்காய்க் கறியோ. வல்லாரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப் பூவோடு பிசைந்து ஒரு சம்பல். சோறு ஆறுவதற்குள் தாளை விரித்து வைத்து, ஒரு கரண்டி சோறு, மூலைக்கொரு கறி, நடுவில் ஒரு பொரித்த மிளகாய். மடிப்பு அவளுடைய கைமடிப்பு. பஸ்ஸில் நசுங்கினாலும் பார்சல் அவிழாது. விடியும்போது ஸ்ரனிஸ்லாஸ் கூடையை ஆட்டோவில் ஏற்றி, பிள்ளைகள் தங்கும் போடிங் வீடுகளின் வாசலிலும் சந்திக்கடையிலும் கொடுத்துவிட்டு வருவார். கூடை வெறுங்கூடையாகத்தான் திரும்பும்.

அந்தத் திங்கட்கிழமை பாதிக் கூடை திரும்பி வந்தது.

"மழை. பிள்ளைங்க வெளியில வரல" என்றார்.

"மழைக்கிப் பசிக்காதா?"

அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றினார். நேற்றைய நாடகத்தைப் பற்றிப் பேச அவருக்குச் சந்தியில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

சந்திக்கடை மஹ்மூதுடையது. மஹ்மூதின் மனைவி றலியா அடுத்த வீட்டுக்காரி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் முக்காட்டைச் சரிசெய்தபடி குசினி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. எப்போதும் கேட்காமல் வந்து முக்காலியில் உட்காருகிறவள்.

"கத்தரீனாக்கா, கோவிச்சிக்க வாணாம். எங்கட ஊட்டு மனுசர் சென்னார், கொஞ்ச நாளக்கிப் பார்சல் வைக்க வாணாமாம். வாற ஆக்கள் எல்லாம், இது அந்த ஊட்டுச் சோறான்டு கேக்குறாங்க. கேட்டுட்டு சிரிக்கிறாங்க. சிரிச்சிட்டு பணிஸ் வாங்கிட்டுப் போறாங்க."

"எந்த ஊடு? கொல நடந்தது இங்கயா றலியா? நீ எம்புட்டுக் காலமா எனக்கு அடுத்த வீடு?"

"எனக்குத் தெரியும்தானே அக்கா. ஆனா ஆக்களுக்கு யார் சென்னா வெளங்கும்? ஒங்கட மனுசர் வாயில நொரையோட கெடந்தாரே, அல்லாவே, நானே பயந்துட்டன்."

"அது முட்டயோட வெள்ளக் கருடி! நாந்தான் ஒடச்சி அடிச்சிக் குடுத்தேன்!"

சொன்ன பிறகுதான், அதுவும் தனக்குச் சாதகமான பேச்சில்லையென்று கத்தரீனாவுக்குப் பட்டது. றலியா சிரிப்பை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு நாடகத்தில் பொலிஸ் வந்தது. அந்தக் குசினியில்தான் வந்தது. பொலிஸ்காரனாக நடித்தவன் கத்தரீனாவின் மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்து மோந்து பார்த்துத் தலையாட்டினான். அந்த வாரம் கூடையில் கால்வாசிதான் போனது. ஆட்டோக்காரப் பையன்கள் சவாரிக்காரர்களுக்கு வீட்டைக் காட்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் கத்தரீனா கிணற்றடியில் அரிசி களைந்துவிட்டு வந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு குடும்பம், குழந்தைகுட்டியோடு, அவளுடைய அடுப்புக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் கையை நீட்டி, "மெத்தன தமய்", இங்கேதான், என்று தான் விழுந்த இடத்தைச் சிங்களத்தில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். குடும்பம் ஓடிவிட்டது.

"தூரத்துலருந்து வந்த சனம், கத்தரீனா. மரியாத இல்லாம..."

"மரியாதயா? தண்டவாளம் மாதிரி இருந்த வாழ்க்கய நோண்டிப் போட்டுட்டு மரியாதயப் பத்திப் பேசுறீங்களா? சோறு மிஞ்சிக் கெடக்கு. அந்த மரியாதயத் தொட்டுக்கிட்டு நீங்களே தின்னுங்க."

மிஞ்சின சோற்றைத்தான் அவர்கள் இருவரும் காலை, பகல், இரவு என்று தின்றார்கள். மிச்சத்தைக் குரங்குகள் தின்றன. குரங்குகளுக்கு டீவி இல்லை.

கடைசியில் கத்தரீனாவே கிளம்பினாள். பெக்டரி விட்டுப் பிள்ளைகள் போடிங்குக்குத் திரும்பும் நேரம், அவர்கள் வாசலில் போய் நின்று, ஒரு பார்சலைத் தன் கையாலேயே பிரித்து, நின்ற நிலையில் அள்ளி அள்ளித் தின்றாள். தூறல் சோற்றில் விழுந்தது. பிள்ளைகள் குடைக்குள் கூட்டமாக நின்று பார்த்தார்கள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. எனக்கு என்னமும் ஆச்சா?"

பின்னாலிருந்து ஒருத்தி, கெட்ட எண்ணமில்லாமல், நாடகம் பார்த்த ஞாபகத்தில் சொன்னாள்: "ஆன்ட்டி, அதுல அந்தப் பொம்பளயும் மொதல்ல தானே தின்னுதான் காட்டுவா."

கத்தரீனா வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். விழுங்கி முடித்து, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி வீட்டுக்கு வந்தாள். வந்து, நல்லவேளையாக வீட்டிலில்லாத புருசனுக்குப் பதிலாக, அம்மிக்கு ஏசினாள்.

அந்த நாட்களிலும் தவறாமல் வாங்கியவள் நிலூஷா ஒருத்திதான். மெலிந்த பிள்ளை, பேச்சுக் குறைவு. பெக்டரியில் பொத்தான் தைக்கிற வேலை. சின்னதில் அம்பிட்டியவில் சிஸ்டர்மாரின் மடத்தில் வளர்ந்தவளாம். போடிங்கில் இல்லாமல் ஒரு தனியறை எடுத்திருந்தாள். ஆட்டோவுக்குக் காத்திராமல் விடிகாலையில் தானே ஏறி வந்து வாங்கிப்போவாள். நாடகம் தொடங்கிய பிறகும் இரண்டு பார்சல்.

"ஒனக்குப் பயமில்லையாடி?" என்று கேட்டாள் கத்தரீனா ஒருநாள்.

"இல்ல ஆன்ட்டி." பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. "அம்மா வந்துருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணு."

"ஒரு நாளைக்கிக் கூட்டிட்டு வா, பாக்கலாம்."

இவளாவது தன்னை நம்புகிறாளே என்று கத்தரீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அந்த இரண்டு பார்சலிலும் பொரித்த மீன் துண்டொன்றைக் கூட வைத்தாள்.

அந்த அம்மா பௌர்ணமிப் போயா லீவு நாளொன்றில், மகள் இல்லாமல், தனியாக வந்தாள். ஐப்பசி மழை பின்னேரமே இருட்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. பொலித்தீனைத் தலைக்குமேல் பிடித்தபடி தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றவளைக் கத்தரீனா உள்ளே கூப்பிட்டாள். ஐம்பது வயதிருக்கும். முன்நெற்றி நரை. செருப்பைக் கழற்றி, கால் துடைத்து, வரலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நான் நிலூஷா அம்மா. பரிமளம்."

"வாங்க, வாங்க. ஒக்காருங்க. ஒங்க மக இல்லாட்டி நான் இந்த மாசம் அடுப்பே மூட்டிருக்க மாட்டேன்."

பரிமளம் உட்காரவில்லை. குசினியைச் சுற்றிப் பார்த்தாள். பச்சைச் சுவரை, அம்மியை, அரிசி டின்னை. கத்தரீனாவுக்குச் சுருக்கென்றது. இவளும் போட்டோ எடுக்க வந்தவளா?

"நீங்களும் நாடகம் பாத்துட்டா வந்தீங்க?"

"பாத்தேங்க. வீட்டுக்காரம்மா டீவியில." குரல் தணிந்திருந்தது. "எங்க குசினி இதுல கால்வாசிதாங்க. சுவரெல்லாம் பொகக் கருப்பு. அம்மி இல்ல, வெளியில பொதுவுல கெடந்த கல்லுலதான் அரைப்போம். நாடகத்துல அந்தப் புள்ள பட்டுச் சேல கட்டிக்கிட்டு சோறு போடுது. நான் அன்னிக்கி கொழுந்தெடுத்துட்டு மலையிலருந்து வந்த, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கோட நின்னேன்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கத்தரீனாவின் கை நின்றுவிட்டது.

"கோட்டுல விட்டுட்டாங்க. சாட்சி இல்லன்னு." பரிமளம் ஒப்பிக்கிறவளைப்போல் சொன்னாள். "ஏழெட்டு வருசம் மறியல்ல அடச்சி வச்சிருந்துட்டு விட்டாங்க. அவரு தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேல. கையொற கெடையாது, மொகத்துக்குத் துணி கெடையாது. அன்னிக்கி ஒடம்பு சரியில்லன்னு வந்து, குடிச்சாரு, சோறு தின்னாரு, விழுந்தாரு. நான் சொன்னத யாரும் எழுதல. அவரோட அக்கா சொன்னத எழுதிக்கிட்டாங்க. நாடகத்துல அதத்தான் காட்டுறாங்க. நான் சிரிக்கிறதாக் காட்டுறாங்க பாருங்க, அவரு விழுந்த பொறகு. அதத்தான் தாங்க முடியல."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் கத்தரீனா. கேட்ட விதம் அவளுக்கே பிடிக்கவில்லை.

"ஒங்கள இந்தக் குசினிக்காக ஊரு பேசுதுன்னு மக சொன்னா. என்னால ஒங்க பொழப்புப் போச்சேன்னுதான். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்." கொஞ்சம் நின்று சொன்னாள்: "சோறு நல்லாருக்குங்க. ஆனா அவ அதுக்காக வாங்கல. வீட்டுல நான் ஒல வச்சா அவ வயிறு சரியில்லம்பா. நான் தூங்குற நேரத்துல எழும்பி இங்க வந்து வாங்கிக்கிட்டு வந்துருவா. நானும் கேக்குறதில்ல."

மழை தகரத்தில் பேய்த்தனமாக அடித்தது. கத்தரீனா துருவலையைத் தள்ளி வைத்தாள். தன்னை நம்பி வாங்குகிறாள் என்று நினைத்து மீன் பொரித்து வைத்தாளே, அந்தப் பிள்ளை வேறொரு கைக்குப் பயந்து இந்தக் கைக்கு வந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஸ்ரனிஸ்லாஸ் குடையை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். புது ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நாடகம் பாத்தீங்களா? நாந்தான் செத்த ஆளு!"

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் கத்தரீனா.

"இந்தா, இந்த எடம்." அவர் துண்டை உதறி விரித்து, மளமளவென்று தரையில் படுத்துவிட்டார். ஒரு காலை மடக்கி, கையை விரித்து, கண்ணை மேலே செருகினார். "இப்பிடித்தான். அசையவே இல்ல."

பரிமளம் அவரைக் குனிந்து பார்த்தபடி நின்றாள்.

"அப்பிடிக் கெடக்கல" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லா நடிச்சீங்க."

கத்தரீனாவுக்கு அந்த மனுசனைத் தரையோடு சேர்த்துக் கூட்டி முற்றத்தில் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. யாரென்று சொன்னால் எழும்பிவிடுவார். எழும்பினால் நேரே சந்திக்குத்தான் ஓடுவார். சொல்லவும் வழியில்லை. தண்ணீர் கொதித்துக் கேத்தல் மூடி துள்ளியது. அவள் கை முழுக்கத் தேங்காய்.

"நான் ஊத்துறேங்க" என்று பரிமளம் அடுப்படிக்குப் போனாள். கேட்காமலேயே தேயிலைப் போத்தலையும் சீனியையும் கண்டுபிடித்தாள். அவள் முதுகு அடுப்பை மறைத்தது. கரண்டி கலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்ரனிஸ்லாஸ் பிணத்திலிருந்து எழும்பி, முதல் கோப்பையை எடுத்து மடக்கென்று குடித்தார்.

கத்தரீனா அவருடைய தொண்டையைப் பார்த்தாள். அது ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அவர் கோப்பையை வைத்துவிட்டு உதட்டைத் துடைக்கும் வரைக்கும், தன் கோப்பை ஆவி பறந்தபடி இருக்க, அதைத் தொடாமல் இருந்தாள். அப்படி இருந்தது அவளுக்கே தெரியவில்லை. நிமிர்ந்தபோது பரிமளம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாத பார்வை. பழகிப்போன பார்வை.

"அவரு குடிச்சிட்டாருங்க" என்றாள் பரிமளம். "இனி நீங்க குடிங்க."

போடிங் வாசலில் குடைக்குள் நின்ற பிள்ளைகள் பார்த்தது இப்படித்தான் இருந்திருக்குமென்று கத்தரீனாவுக்கு நெஞ்சைச் சுட்டது. கோப்பையை எடுத்து, நாக்கு வெந்தாலும் பரவாயில்லையென்று ஒரே மூச்சில் குடித்தாள்.

"இம்புட்டுச் சீனியா போடுவாங்க?" என்று எரிந்து விழுந்தாள். யார் மேலான எரிச்சலென்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்கிக் காலையில வாங்க. தேங்கா திருவ ஆளில்லாமக் கெடக்கு."

"அடுப்படி வேலைங்களா?"

"தேங்கா திருவ" என்றாள் கத்தரீனா, முகத்தைப் பார்க்காமல்.

பரிமளம் வந்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். தேங்காய் துருவினாள், வெங்காயம் உரித்தாள், வல்லாரை ஆய்ந்தாள், பாத்திரம் கழுவினாள். அடுப்புப் பக்கம் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஊருக்குத் தெரிந்தால் கூடையில் மிச்சமிருக்கிற நாலு பார்சலும் போய்விடும் என்று கத்தரீனா ஒவ்வொரு நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். நிலூஷா பார்சல் வாங்க வரும்போது தாயும் மகளும் பக்கத்து அறை ஆட்களைப்போல் தலையாட்டிக்கொண்டார்கள்.

நாடகம் ஒருவழியாக முடிந்தது. அடுத்ததாக வேறொரு ஊரில் நடந்த கொள்ளையை எடுத்துப் போட்டார்கள், வேறொருவர் வீட்டில். போடிங் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக, ஒன்றும் நடக்காததுபோல், "ஆன்ட்டி, கருவாடு இருக்கா?" என்று திரும்பி வந்தார்கள். றலியா மறுபடி முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லாரும் திரும்பினார்களென்றும் இல்லை.

கூடை பாதிக்கு மேல் நிறைய ஆரம்பித்த ஒரு காலை, வெளியடுப்பில் குழம்பு பொங்கி விறகை அணைத்துவிட்டது. கத்தரீனா புகையில் கண் தெரியாமல் ஊதிக்கொண்டிருக்கும்போது உள்ளே பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் ஆட்டோவைக் காணோமென்று வாசலில் கத்திக்கொண்டிருந்தார். பரிமளம் துருவலைக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, கையைப் பிசைந்தபடி, பருப்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! கையில என்ன, வெலங்கா? எறக்கித் தாளிச்சிக் கொட்டுங்க பரிமளம், நான் ஒத்தப் பொம்பள எத்தனதான் பாக்குறது!"

பரிமளம் ஒரு கணம் அசையவில்லை. பிறகு ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள். கடுகு வெடித்தது. ரம்பை இலை வாசம் குசினியைத் தாண்டி வந்தது. கத்தரீனா விறகை மூட்டிவிட்டு உள்ளே வரும்போது பருப்பு மஞ்சளாக மினுங்கிக்கொண்டு தயாராக இருந்தது. ருசி பார்க்க நேரமில்லை. கட்டினார்கள், இருவருமாக, ஒருவர் பார்சலை ஒருவர் பார்க்காமல்.

நிலூஷா வந்து கையை நீட்டினாள். கத்தரீனா பார்சலைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பருப்பு ஒங்கம்மா வச்சது. திங்கிறதும் திங்காததும் ஒன் இஷ்டம். சொல்லாம ஒனக்குத் தர எனக்கு மனசு வரல."

பிள்ளை தாயைப் பார்த்தது. பரிமளம் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவினாள். ஆட்டோ கீழே ஹோர்ன் அடித்தது. நிலூஷா பார்சலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போனாள்.

அன்று முழுக்கப் பரிமளம் கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள். கத்தரீனா இரண்டு தரம் எதையோ சொல்ல வந்து, ஸ்ரனிஸ்லாஸை ஏசினாள்.

மறுநாள் காலை நிலூஷா வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தி வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சுளித்திருந்தது.

"ஆன்ட்டி, நேத்துப் பருப்புல உப்பே இல்ல."

"அத எங்கிட்ட ஏன்டி சொல்ற? எனக்கு இருக்குற எரிச்சல் போதாதா?" கத்தரீனா கரண்டியால் அடுப்படியைக் காட்டினாள். "வச்சவகிட்டப் போயிச் சொல்லு."

நிலூஷா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"உப்பு இல்லம்மா" என்றாள்.

"இன்னிக்கிப் போட்டுருக்கேன்" என்றாள் பரிமளம், திரும்பாமல். "கைய நீட்டு. பாத்துச் சொல்லு."

நிலூஷா உள்ளங்கையை நீட்டினாள்.